அரியணையில் இருந்தவர் யார்?

ஓர் ஆங்கிலப் புனைகதையின் ஆராய்ச்சி

கடவுளின் பெயரால் மக்களை ஒடுக்கும் ஆட்சி ஒன்று நடைபெறுமாயின், அதனை எதிர்ப்பவர் கடவுளையே எதிர்ப்பவராவரோ? அன்றிக் கடவுளின் பெயரைக் கவர்ந்துகொண்டாரை எதிர்ப்பவராவரோ? இவ்வினா நாடுதோறும் காலந்தோறும் எழுவது. எழுந்தபோதெல்லாம் ஆள்வோர் முன்னதே உண்மை என்று சாதித்து, தம் பகைவரைக் கடவுட்பகைவர் என்று தண்டித்திருக்கின்றனர். வெகுண்டெழுந்தோரிற் பலரும் அவ்விடையையே தாமும் ஏற்றுக்கொண்டு, ஆட்சியோடு கடவுளையும் ஒருங்கே தள்ளியிருக்கின்றனர். இரு திறத்தாரும் ஒரு பிழையையே இரு பக்கத்தினின்று செய்தவராவர் என்பது எம் கருத்து. இதனை விளக்குதற்கு ஆங்கில நாட்டுப் பிலிப் புல்மன் என்னும் ஆசிரியரின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்னும் பெருங்கதை மிகவும் ஏற்றதாகலின், அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இக்கதை மூன்று பகுதிகளையுடையது. முதற்பகுதி 1995-இலும், இரண்டாவது 1997-இலும், மூன்றாவது 2000-இலும் வெளிவந்தன. முதற்பகுதி கார்னகி பதக்கம் பெற்றது. மூன்றாம் பகுதி 2001-ஆம் ஆண்டின் தலைசிறந்த நூலுக்குரிய விட்பிரெட் பரிசைப் பெற்றது. சிறார்க்கென வெளியிடப்பட்ட நூலொன்று அச்சிறப்பை எய்தியது அதுவே முதன்முறை. ஆசிரியர் 1946-இல் நாரிச் நகரிற் பிறந்தவர். அவர் பாட்டனார் ஆங்கிலத் திருச்சபையின் குருவாயிருந்தவர். அவரோ ஆக்ஸ்போர்டிற் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றியவர். நூற்பெயர் மில்டன் இயற்றிய 'பாரடைஸ் லாஸ்ட்' (1667) என்னும் காப்பியத்தின் இரண்டாங் காண்டத்தினின்று எடுக்கப்பட்டது. வானவரிற் சிலர் இறைவனை எதிர்த்துப் போர்தொடுத்த செயலை மில்டன் குற்றமாக வைத்துப் பாடினார். புல்மன் அதனைத் தலைகீழாக்கி, எதிர்த்தவர் பக்கமே நீதி உண்டென்று நாட்டப் புகுந்தார்.

இதனால் எழுந்த ஆரவாரம் சிறிதன்று. 2007-இல் முதற்பகுதி திரைப்படமாக வந்தபோது, அமெரிக்காவிலுள்ள கத்தோலிக்கக் கழகம் அதனைப் புறக்கணிக்குமாறு மக்களை வேண்டிற்று. அதற்கு மூன்றாண்டுகட்கு முன்னரே, 2004-இல், காண்டர்பரித் தலைமைப் பேராயராயிருந்த ரோவன் வில்லியம்ஸ் இக்கதையின் நாடக வடிவைக் கண்டு பாராட்டி எழுதியிருந்தார். ஒரே சமயத்தாருள் ஒரு சாரார் நஞ்சென்றதனை மற்றொரு சாரார் தலைவர் மருந்தென்றார். ஆதலின் பிறர் கூற்றைச் சிறிது ஒதுக்கி, நூல் தன்னுள் யாது கூறுகின்றது என்பதனை நூல்கொண்டே அளத்தல் வேண்டும்.

கதை தொடங்குங் களம் நம் உலகத்தைப் போன்றதொரு வேறு உலகம். அங்கே மாந்தரின் உயிர் உடம்பினுள் மறைந்திராது, ஒரு விலங்கின் வடிவிற் புறத்தே உடன் நடமாடும். 'டீமன்' என்பது அதன் பெயர். சிறாரின் டீமன் அடிக்கடி வடிவு மாறும். பருவம் எய்தியபின் ஒரு வடிவில் நிலைபெறும். ஒருவருடைய டீமனைப் பிறரொருவர் தீண்டுதல் அவ்வுலகிற் பெரும் பிழை. லைரா என்னும் சிறுமியும் அவளுடைய டீமனாகிய பாண்டலைமனும் கதைக்குத் தலைமை பூண்டோர். நம் உலகத்துச் சிறுவனாகிய வில் என்பான் இரண்டாம் பகுதியில் அவளோடு சேர்கின்றான். உலகங்களுக்கிடையே சாளரம் திறக்கவல்ல நுண்கத்தி ஒன்று அவன் கைப்படுகின்றது.

லைராவின் ஐரோப்பாவில் ஆதிக்கஞ் செலுத்துவது 'மாஜிஸ்டீரியம்' எனப்படும் திருச்சபையாட்சி. அதற்கு ஆசிரியர் வரலாறு அமைத்த திறம் கருதத்தக்கது. அவ்வுலகில் ஜான் கால்வின் போப்பாண்டவராகி, தலைமைப் பீடத்தை ஜெனீவாவிற்கு மாற்றினார். அவர்க்குப் பின் போப்புப் பதவியே ஒழிந்தது. எஞ்சியவை ஒன்றோடொன்று போட்டியிடும் மன்றங்களும் கல்லூரிகளும் அவைகளுமேயாம். அவற்றின் தொகுதியே மாஜிஸ்டீரியம். நம் உலக வரலாற்றிற் கால்வின் போப்பாண்டவரை எதிர்த்தவர். ஆயினும் அவருடைய ஜெனீவாவில் 1541-இல் ஒழுக்க மன்றம் வகுக்கப்பட்டதும், மூவொருமைக் கோட்பாட்டை மறுத்தெழுதிய மைக்கேல் செர்வீட்டஸ் என்னும் மருத்துவர் 1553-இல் அங்கே உயிரோடு எரிக்கப்பட்டதும் மெய்ந்நிகழ்ச்சிகள். உரோமையின் விசாரணை மன்றம் 1633-இற் கலிலியோவைத் தண்டித்ததும் யாவரும் அறிந்தது. எதிரெதிர் நின்ற இரண்டு சபைகளின் கொடுமைகளையும் உருக்கி ஓருருவாக வார்த்தார் ஆசிரியர்.

அவ்வார்ப்பினுள் ஒரு நுட்பமும் உளது. தலைமை ஒழிந்தும் ஆட்சி ஒழியவில்லை; தலை இல்லாமையாற் கொடுமைக்குப் பொறுப்பேற்பவர் ஒருவரும் இலராயினர். வெளிவந்தாற் பழி தருஞ் செயலை, சபைக்குப் புறம்பானது போன்ற ஒரு கிளையிடம் விட்டுவைத்து, 'அது நாம் அறியாதது' என்று ஏனையோர் ஒதுங்கிக்கொள்ள வழியிருந்தது. கொடுங்கோல் என்பது ஒருவன் கையிலுள்ள கோல் என்றே எண்ணிப் பழகியோர்க்கு, கையே தெரியாத கோலும் உண்டு என்று இந்நூல் காட்டுகின்றது.

இனி, அவ்வாட்சியின் கொள்கையைப் பார்ப்போம். துகள் என்னும் நுண்பொருள் ஒன்று வளர்ந்தோர்பால் மிகுதியும் ஈர்க்கப்படுகின்றது, சிறார்பால் அவ்வாறன்று. இதுவே ஆதிபாவத்தின் கண்கூடான சான்று என்று திருச்சபை துணிந்தது. துகள் படியுமுன்னரே சிறாரை அவர்தம் டீமனினின்று வெட்டிப் பிரித்துவிட்டாற் பாவம் அணுகாது என்று அதன் கிளையொன்று முறை கண்டது. வடபுலப் பனிநாட்டிற் போல்வாங்கர் என்னுமிடத்தில் அதற்கென ஒரு நிலையம். களவாடிக் கொணரப்பட்ட சிறார் அங்கே வெட்டுண்டனர். அவ்வாறு வெட்டுண்ட டோனி என்னும் சிறுவனை லைரா மீன் உலர்த்தும் குடில் ஒன்றிற் காண்கின்றாள். டீமன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கருவாட்டுத் துண்டை அவன் மார்போடு அணைத்துக்கொண்டிருக்கின்றான். சின்னேரத்தில் உயிர் துறக்கின்றான். இறந்தபின் அத்துண்டையும் எவரோ எறிந்துவிட்டமை அறிந்து லைரா பெருஞ்சினங் கொள்கின்றாள். சமயக் கொடுமையைப் பற்றி நூறு ஏடு எழுதினும், இக்கருவாடு விளைக்கும் நடுக்கத்தை விளைத்தல் அரிது.

ஒரு கொள்கைப் பிழை கொடுமையாக முதிரும் வழி இதனால் விளங்கும். செம்பினைப் பற்றிய களிம்பு நீங்கவேண்டும் என்பது எல்லார்க்கும் உடன்பாடு. களிம்பை நீக்குவேன் என்று செம்பையே வெட்டி எறிபவனை யாதென்று சொல்வது? மாசு நீக்கம் உயிரின் பொருட்டு. உயிர் மாசு நீக்கத்தின் பொருட்டன்று. போல்வாங்கர் மருத்துவர் இம்முறைமையைத் தலைதடுமாறக் கொண்டனர். அவர்கள் தம்மைத் தீயவர் என்று எண்ணினாரல்லர். சிறார்க்கு நன்மை புரிவதாகவே பேசினர். நன்மை புரிவேன் என்று வருபவன் கத்தியோடு வருங்கால், அக்கத்தி எதனை அறுக்கும் என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

ஆட்சியின் மற்றொரு சூழ்ச்சி கோமஸ் என்னும் இளங்குருவின் வாயிலாக வெளிப்படுகின்றது. லைரா இரண்டாம் ஏவாளாவாள் என்னும் முன்னறிவிப்பை அறிந்து, அவள் பிழை செய்தற்கு முன்னரே அவளைக் கொன்றுவிடத் துணிகின்றது ஒழுக்க மன்றம். அக்கொலைக்கு முன்வரும் கோமஸ், அதற்குரிய கழுவாயை ஏலவே நாடோறும் நோற்று முடித்து வைத்திருக்கின்றார். ஆதலாற் செய்யப்போவது பாவமாகாது என்பது கணக்கு. 1517-இல் மார்ட்டின் லூதர் எதிர்த்தெழுதிய பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்தை நினைவூட்டுவது இது. கழுவாய் என்பது செய்த பிழைக்கு உள்ளம் உருகுதல். உருக்கம் முன்னும் பிழை பின்னுமாயின் அது கழுவாயன்று; முன்பணம் கட்டி வாங்கிய உரிமம்.

இனி, நடுப்பொருளுக்கு வருவோம். இவ்வாட்சி வணங்கும் கடவுள் யார்? மூன்றாம் பகுதியின் தொடக்கத்திற் பால்தமோஸ் என்னும் வானவன் வில்லுக்கு உரைக்குஞ் செய்தி அதனை விளக்கும். அரியணையில் இருப்பவன் படைத்தவனல்லன். துகளிலிருந்து முதன்முதல் திரண்டு தோன்றிய வானவனே அவன். தனக்குப் பின் தோன்றியோரிடம், அவர்களைப் படைத்தவன் தானே என்று பொய்யுரைத்தான். மெய்யறிந்த வானவள் ஒருத்தி துரத்தப்பட்டாள். அவனுக்கு நூல் வழங்கும் பெயர் 'அதாரிட்டி'. தமிழில் அதிகாரன் என்னலாம்.

சித்தாந்த நூல்களிற் பயின்றார்க்கு இவ்விடம் ஒருவாறு வியப்பளிக்கும். பதவியிலுள்ளோர் எத்துணை உயர்ந்தவராயினும் பசுக்களே. நெடுங்காலம் வாழ்தலும் உலகை நடத்துதலும் ஒருவரைப் பதியாக்கமாட்டா. உயர்நிலை எய்தியோரையும் பற்றி நிற்பதாகிய அதிகார மலம் என்றொன்று உண்டு. இவை நம் ஆசிரியர் வகுத்துரைத்த நுண்பொருள்கள். அக்கலைச்சொல் இன்றியே அம்மலத்தின் உருவப்படத்தைப் புல்மன் தீட்டிவிட்டார்.

அற்றேல், இந்நூலிற் கடவுள் இறந்தார் என்று பலரும் கூறுவது என்னை? ஆசிரியரும் அக்கருத்தினராகவன்றோ காணப்படுகின்றார்? எனின், கூறுதும். நூலில் இறந்தவன் தோன்றியவன். தோன்றியதற்கு முன்னே ஒரு முதல் வேண்டும். தோன்றியது அழிதலும் இயல்பு. தோற்றமும் அழிவும் உடையதொன்றைக் கடவுளாகக் கொண்டது அவ்வாட்சியின் பிழை. அவ்வொன்று அழிந்தமையாற் கடவுளே இல்லை என்று துணிவது அப்பிழையின் மறுபக்கம். பொன்னென்று ஏமாற்றிய பித்தளையை உரைகல்லில் தேய்த்துக் காட்டியதனாற் பொன் என்றொரு பொருளே இல்லை என்பது பெறப்படாது. உரைகல்லின் பயன் பொன் உண்மையாலன்றோ ஏற்பட்டது? துகள் எங்ஙனம் உளதாயிற்று, அறிவு அதனிடத்து எவ்வாறு விளங்கிற்று என்னும் வினாக்களுக்கு, துகளும் அறிவுடைப் பொருள்களும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று கூறி நூல் அமைகின்றது. விதையும் மரமும் ஒன்றையொன்று தோற்றுவிக்கும் என்பது ஒக்கும். அவை நின்று வளரும் நிலம் யாது என்னும் வினா நின்றவாறே நிற்கும்.

ஆயினும், அதிகாரனின் முடிவைக் கூறுமிடமே இந்நூலின் உச்சி. மூப்பால் அறிவும் வலியும் இழந்த அவன் பெயரால் ஆள்பவன் மெட்டட்ரான். முன்னொருகால் ஏனோக் என்னும் மனிதனாயிருந்தவன். எவ்வுலகத்தும் நிலையான விசாரணை மன்றத்தை நிறுவி, உயிர்களைத் தானே நேரிற் கட்டியாள்வது அவன் கருத்து. அதிகாரனோ பளிங்குப் பேழையொன்றில் அடைக்கப்பட்டு, போரினிடையே வேறிடத்துக்குச் சுமந்து செல்லப்படுகின்றான். இடைவழியிற் கைவிடப்பட்ட அப்பேழையை லைராவும் வில்லும் காண்கின்றனர். உள்ளிருப்பவன் யாவன் என்று அவர்கள் அறியார். அஞ்சி அழும் முதியவர் ஒருவர் என்றே எண்ணி, இரங்கிப் பேழையைத் திறந்து கைகொடுக்கின்றனர். காற்றுப்பட்ட அளவில், துயர் தீர்ந்த பெருமூச்சோடு அவன் கரைந்துபோகின்றான்.

பன்னூறு படைகள் அவனை அழித்தற்கென்றே திரண்டு நிற்க, அவனுக்கு விடுதலை தந்தது இரு சிறாரின் இரக்கம். இக்காட்சி உணர்த்துவது யாது? கடவுளின் பெயரால் ஒடுக்கும் ஆட்சி முதலிற் சிறைப்படுத்துவது மக்களையன்று. தான் வணங்குவதாகக் கூறும் கடவுளையே. அவ்வாட்சிக்கு வேண்டுவது கடவுளின் பெயர். கடவுளின் குரல் வேண்டுவதன்று. குரல் எழுமாயின் கட்டளைகள் மாறிவிடும். ஆதலாற் பேழையும், பேழையைச் சூழ்ந்த காவலும், காவலரின் ஆணையுமே சமயமாகிவிடுகின்றன. இதனைக் கண்டு காட்டியவரை நாத்திகர் என்று மட்டும் கூறி ஒதுக்குதல், பேழைக்காவலர் பக்கம் நாமும் சென்று நிற்பதாக முடியும்.

இறந்தோருலகைக் கூறும் பகுதியும் போற்றத்தக்கதே. அறத்தோரும் மறத்தோரும் வேறுபாடின்றி அங்கே அடைபட்டுக் கிடக்கின்றனர். தன் சமயத்துக்காக உயிர்கொடுத்த பெண்ணொருத்தி, கூறப்பட்ட வீட்டுலகம் இதுவன்று என்று அங்கே வாய்விட்டுரைக்கின்றாள். அவ்விருளையே வீட்டுலகம் என்று சாதிக்கும் துறவியும் அருகே நிற்கின்றான். பெண்முகமுடைய பறவைகள் அங்குக் காவல். லைரா முதலிற் பொய்க்கதை புனைந்து சொல்ல, அவை அவள்மேற் பாய்கின்றன. பின்னர்த் தான் கண்டதனைக் கண்டவாறே சொல்ல, அமைந்து கேட்கின்றன. இறந்துவருவோர் தம் வாழ்வை மெய்யாக எடுத்துரைப்பின், அவர்க்கு அப்பறவைகள் வெளியேறும் வழி காட்டும் என்று உடன்படிக்கை ஏற்படுகின்றது. கண்ணுங் கருத்துமாய் வாழாதவனுக்குச் சொல்லுதற்கு ஒன்றும் இராது. பொய்யின்மேல் எழுந்த ஆட்சிக்கு மெய்யே மாற்று என்னும் முறைமை ஈண்டு இனிது பொருந்துகின்றது.

இனி, குறைகளும் கூறவேண்டும். முதலாவது, அஸ்ரியல் பிரபுவின் செயல். லைராவின் தந்தையாகிய இவரே எதிர்ப்புப் போரின் தலைவர். முதற்பகுதியின் இறுதியில், உலகங்களுக்கிடையே பாலம் அமைத்தற்கு வேண்டிய ஆற்றலைப் பெறுவான் வேண்டி, லைராவின் தோழனாகிய ரோஜர் என்னும் சிறுவனை அவன் டீமனினின்று வெட்டிப் பிரிக்கின்றார், சிறுவன் இறக்கின்றான். போல்வாங்கரில் நிகழ்ந்ததும் இதுவேயன்றோ? கத்தி ஒன்று, கை மட்டும் வேறு. மெட்டட்ரானைப் பற்றிக்கொண்டு கோல்ட்டர் அம்மையாரும் தாமும் அடியில்லாப் படுகுழியில் வீழ்ந்து உயிர்விடும் அவரை, நூல் வீரராகவே வழியனுப்புகின்றது. ரோஜரின் பொருட்டு லைரா இறந்தோருலகு வரை செல்கின்றாள். அவள் தந்தையிடம் அக்கொலைக்குக் கணக்குக் கேட்பார் ஒருவரும் இலர். கொடுங்கோலை எதிர்ப்பவன் கொடுங்கோலனின் கருவியை எடுத்தானாயின் அவனும் அவ்வாட்சியின் வழித்தோன்றலே. இதனை ஆசிரியர் அறியாதவரல்லர். அறிந்தும் போரின் விரைவில் நெகிழவிட்டார்.

இரண்டாவது, மூன்று பகுதிகளிலும் திருச்சபையைச் சார்ந்து நிற்போருள் நல்லவர் ஒருவரைக் காண்டல் அரிது. வரலாறு அவ்வாறன்று. செர்வீட்டஸை எரித்தபோது அதனைக் கண்டித்து 1554-இல் நூல் வெளியிட்ட செபாஸ்தியன் காஸ்டெல்லியோவும் சமயப்பற்றுடையவரே. எதிர்ப்பின் வேர் பலகாற் சமயத்தினுள்ளேயே இருத்தலை மறைத்தால், ஆட்சியின் வலி மிகுதிப்படுமேயன்றிக் குறையாது. இக்குறையைப் பிற்காலத்தில் ஆசிரியரே ஒருவாறு நிரப்பினார். 2017-இல் வெளிவந்த 'லா பெல் சாவேஜ்' என்னும் நூலில், குழவியாகிய லைராவைக் காட்ஸ்டோ மடத்துக் கன்னியர் அன்போடு வளர்க்கின்றனர். அந்நூலிலேயே, பெற்றோரையும் ஆசிரியரையும் காட்டிக்கொடுக்கும்படி பள்ளிச்சிறாரைப் பழக்கும் ஒரு சங்கமும் வருகின்றது. ஒரே சமயத்தின் இரு முகங்களையும் அருகருகே வைத்தமையால் அந்நூல் நடுவுநிலை மிக்கதாயிற்று.

மூன்றாவது குறை தத்துவம் பற்றியது. இறந்தோருலகினின்று வெளியேறிய உயிர்கள் காற்றிலும் புல்லிலும் மரத்திலும் அணுக்களாய்க் கரைந்துபோம் என்கின்றது நூல். சிறையினின்று விடுபடுதல் வேறு, இல்லாதொழிதல் வேறு. விடுபட்டவன் ஒருவன் இல்லையாயின் விடுதலை யாருக்கு? முத்தியிலும் உயிர் கெடாது நின்று இன்பம் நுகரும் என்று கொண்டார்க்கு இது பொருந்தாமை வெளிப்படை. ஆயின், நம் கோட்பாட்டைக்கொண்டு அவரை மடக்க வேண்டுவதில்லை. அவர் கதையே அவரை மறுக்கின்றது. லீ ஸ்கோர்ஸ்பி என்னும் வீரரின் அணுக்கள் கரைந்தபோது, தம் டீமனாகிய ஹெஸ்டரை நாடிச் செல்கின்றன. பிரியும் லைராவும் வில்லும், இறந்தபின் தம் அணுக்கள் ஒன்றையொன்று தேடிக் கூடும் என்று உறுதி பேசுகின்றனர். தேடுதலும் அறிந்துகொள்ளுதலும் அணுவின் தொழிலோ? தேடுபவர் கெடாதிருந்தாலன்றித் தேடல் நிகழாது. கொள்கை அழித்த உயிரை அன்பு மீட்டும் கொணர்ந்து நிறுத்தியது.

இவ்வாறே அருளென்னும் சொல்லும் மீண்டு வருகின்றது. லைராவிடம் உண்மை காட்டும் கருவியொன்று இருந்தது. கல்லாமலே அதனை அவள் படித்துவந்தாள். இறுதியில் அத்திறம் அவளை விட்டு நீங்குகின்றது. அத்திறம் முன்னர் அருளால் வாய்த்தது என்றும், இனி நெடுநாள் முயற்சியால் மீட்டும் எய்தலாம் என்றும், அங்ஙனம் எய்துவது ஆழம் மிக்கதாயிருக்கும் என்றும் மெய்யறிந்த வானவளாகிய ஸாபானியா தேற்றுகின்றாள். அருள் என்றவுடனே அருள்பவர் யார் என்னும் வினா எழும். அரியணையை வெறுமையாக்கிய ஆசிரியர் அவ்வினாவிற்கு விடை தாராது விட்டார்.

கதையின் முடிபு உள்ளத்தை உருக்குவது. வேற்றுலகிற் புகுந்தவர் பத்தாண்டளவில் நலிந்து இறப்பர். திறந்து கிடக்கும் சாளரங்கள் வழியே துகள் கசிந்து வீணாகும். புதிதாக ஒன்று திறக்குந்தோறும் உயிருண்ணும் பேய்நிழல் ஒன்று பிறக்கும். ஒரே ஒரு சாளரத்தை மட்டும் விட்டுவைக்கலாம். அதனைத் தமக்கென வைத்துக்கொள்ள லைராவும் வில்லும் விரும்பினாரல்லர். இறந்தோர் வெளியேறும் வழியாக அதனை விட்டுத் தாம் பிரிந்தனர். வானாட்சியை வீழ்த்திய போரினும் இத்துறவு பெரிது. அரியணையைக் கவிழ்த்தல் வெற்றியாகாது. வெற்றி கண்டபின் தனக்கென ஒரு வழி வைத்துக்கொள்ளாமையே வெற்றி.

2019-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் காமன்வெல்த்' என்னும் நூலில் இருபதாண்டு நிரம்பிய லைராவைக் காண்கின்றோம். அனைத்தையும் வறட்டு வாதத்தால் மறுக்கும் நூல்களில் மயங்கிய அவளைப் பாண்டலைமன் விட்டுப் பிரிகின்றான். கண்மூடி நம்புதல் உயிரை வெட்டும். எதனையும் நம்பாமையும் உயிரைப் பிரிக்கும். இவ்வுண்மையையும் ஆசிரியர் உணர்ந்தமை பாராட்டற்பாலது. அவ்வரிசை 2025-இல் மூன்றாம் நூலோடு நிறைவெய்தியது.

ஆகவே, இந்நூல் கடவுளை வீழ்த்திய கதையன்று. கடவுளின் இருக்கையில் ஏறியிருந்த ஓர் உயிரை அடையாளங் காட்டிய கதை. அவ்வளவிற் சமயத்தார்க்கு அது செய்தது தொண்டேயாம். அரியணை வெறுமையாயிற்று என்று கண்டு ஆசிரியர் நின்றுவிட்டார். இருக்கையிற் பொருந்தும் பொருள் கடவுளன்று என்று கண்டவர், எவ்விருக்கையிலும் அடங்காத பொருள் யாது என்று மேலும் வினவியிருக்கலாம். அவ்வினாவை எழுப்பிக்கொண்டு இதனைப் பயில்வார்க்கு இந்நூல் பெரிதும் பயன்படும். சமயத்தின் பெயரால் ஆணையிடும் இடத்தில் இருப்போர், கருவாட்டை அணைத்துக்கொண்டு கிடந்த அச்சிறுவனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.